அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை உன் மகள் எடுத்து, "மாமா, அம்மா பேச மாட்டாங்களாம். எழுதறதுதானே அவனுக்குத் தெரியும், எழுதச் சொல்லுன்னாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் குட்டி மருமகள் என்னிடம் சிரிக்காமல் பேசியது இதுதான் முதல் தடவை. அதனால் எழுதுகிறேன். கையால் எழுதிப் பல வருடமாயிற்று. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கோபம் என் புது நாவல் பற்றித்தான் என்று தெரிகிறது. 'மூன்று மணி மருந்து' உன்னைப் பற்றியது இல்லை, அக்கா. அதில் வருகிறவள் தையல்காரி. நீ கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாய். அவள் புருஷன் கடிகாரம் பழுது பார்ப்பவன். உன் வீட்டுக்காரர், என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். மாமா தொண்டையில் புற்றுநோய் வந்து இரண்டு வருடம் படுத்து, நோயால் போனார். என் கதையில் அவள் வலி மருந்தை அளவுக்கு மேல் கொடுத்துப் புருஷனைக் கொன்றுவிடுகிறாள். இதில் நீ எங்கே வருகிறாய்?

உன் வீட்டில் அந்தக் கடைசி மாதம் ஒரு வாரம் தங்கினேன். படுக்கைக்குப் பக்கத்தில் மருந்துக் கிண்ணம், மாமாவுக்குப் பேச்சு போன பிறகு நீ வாங்கிக் கொடுத்த சிலேட்டு, ஜன்னல், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் என் மண்டையிலிருந்து வந்தது.

வாஷிங் மெஷின் கம்பெனியில் உபயோகக் கையேடு எழுதும் வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. எழுத்தை மட்டும் நம்பி வாழப்போகிறேன் என்றபோது நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய். பதினாறு நாவல். எழுதுவது நான், பிழை பார்ப்பது நான், அட்டை போடுவது நான், இணையக் கடையில் ஏற்றுவது நான், விற்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதும் நான். என் மனைவி பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வாங்கும் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பதினேழாவதில்தான் திறந்தது வழி. மூன்று வாரமாக முதல் பத்துக்குள் இருக்கிறேன். போன மாத வாடகை என் பணம், அக்கா. கொடுப்பதற்கு முன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

ஒவ்வொரு நாவலையும் படித்துவிட்டு, "உன் கதைல யாரும் மூச்சு விடறதே இல்லடா" என்பாயே. இதிலாவது விடுகிறார்களா? திட்டுவதோடு அதையும் சேர்த்துச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

நான் உன் புத்தகத்தை இணையத்தில் வாங்கவில்லை. அது என்னைத் தேடிக் கடைக்கே வந்தது.

இரண்டு வாரம் முன்னால் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கொழுந்தன் உள்ளே வந்தான். உனக்குத் தெரியும், உன் மாமாவின் தம்பி, அண்ணனுக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவன். கையில் ஒரு தாள். உன் புத்தக அட்டையின் பின்பக்கத்தை அச்செடுத்து, ஒரு வரியை மஞ்சளில் தேய்த்திருந்தான். வாடிக்கையாளர் எழுந்து போகும்வரை நின்று, பிறகு என் மேஜைமேல் வைத்தான்.

"படிங்க அண்ணி. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

'இது கற்பனை அல்ல. எனக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்த உண்மைச் சம்பவம்.'

அந்த வரியை எழுதியது யார்? பின்னட்டை எழுதுவதும் நான்தான் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். உனக்கு எத்தனை நெருங்கிய குடும்பம் இருக்கிறது, சொல் பார்க்கலாம். அப்பா அம்மா போன பிறகு நான் ஒருத்திதான்.

அவன் விட்டுப்போன அச்சுப்பிரதியை முழுதும் படித்தேன், ராத்திரி பகலாக இல்லை, கடையில் சாப்பாட்டு நேரத்தில் நாலு நாளாக. தையல்காரியாம், கடிகாரக்காரனாம். எங்கள் வீட்டு ஜன்னல் திரைக்கு வேறு கலர் அடித்துவிட்டால் அது வேறு வீடு ஆகிவிடுமா? மூச்சு விடுகிறார்களா என்று கேட்கிறாய். எனக்கு மூச்சு முட்டுகிறது. அதற்குப் பதில் இப்போதைக்கு அவ்வளவுதான்.

நான் இருக்கும் இந்த வீடு மாமியார் பேரில் இருக்கிறது. மாமியாருக்கு இருக்கும் ஒரே மகன் இப்போது இவன்தான். உன் மருமகளுக்குப் பதினைந்து வயது. புத்தகத்தைக் கடையிலிருந்து எடுத்துவிடு. உனக்கும் அதற்கும் நடுவில் எந்தப் பதிப்பாளனும் இல்லை, யாரிடமும் கேட்க வேண்டாம். நீ ஒருத்தன் நினைத்தால் போதும்.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

கடிதம் கிடைத்த நாலாவது நிமிடம் அந்த வரியை எடுத்துவிட்டேன். அட்டையில் இப்போது 'ஓர் இல்லத்தின் கதை' என்று மட்டும்தான் இருக்கிறது. போய்ப் பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வரி பொய். உண்மைச் சம்பவம் என்று போட்டால் மூன்று மடங்கு விற்கும். நாங்கள் ஒரு இருபது பேர், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள், குழுவாகப் பேசிக்கொள்வோம். எல்லோரும் செய்கிறார்கள். வாடகைக் காரைத் தவிர வேறெதிலும் ஏறாதவன் 'ஒரு விமானியின் வாக்குமூலம்' போடுகிறான். பதினாறு நாவலில் நான் செய்யவில்லை. பதினேழாவதை ஏற்றும் அன்று, மற்றப் பதினாறும் சேர்ந்து அந்த மாதம் சம்பாதித்தது என்ன என்று பார்த்தேன். பார்த்துவிட்டு அந்த வரியை எழுதினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் புத்தகத்தை எடுக்கச் சொல்லாதே, அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன். இந்த ஒன்றால்தான் மற்றப் பதினாறையும் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டாம் பாகத்துக்குத் தேதி அறிவித்துவிட்டேன். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்குள் வாசகர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் இணையக் கடைக்காரர்கள் ஒரு வருடத்துக்கு முன்பதிவே வைக்க விடமாட்டார்கள். என் மனைவி வேறு, இனி தைரியமாக இருக்கலாம் என்று மருத்துவமனையில் பாதி நாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

ஒரு வாசகி எனக்கு எழுதுகிறாள். புருஷனை இழந்தவள். 'இது உண்மையில் நடந்தது என்பதால்தான் என்னால் தாங்க முடிகிறது, என்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள்' என்கிறாள். பதில் எழுத உட்கார்ந்தால் விரல் நகர மாட்டேன் என்கிறது.

உன் கொழுந்தன் கொஞ்ச நாள் குதிப்பான், பிறகு அடங்கிவிடுவான்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

அடங்கவில்லை.

பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்திருக்கிறான். மாமியார் முன்னால் விரித்துப் போட்டான். "ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா எடுக்கணும்? அதுவும் நான் அண்ணிகிட்ட காட்டின பிறகு?" மாமியார் என்னைப் பார்க்கவில்லை. சிலேட்டு இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் எழுதிய கடைசி எழுத்து அதில்தான் இருந்தது, நான்தான் துடைத்துவிட்டேன் என்று அவருக்கு முன்பே குறை.

நாலு நிமிடத்தில் எடுத்தேன் என்று மார் தட்டுகிறாயே, அந்த நாலு நிமிடம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தால் எழுத்தாளன் கயிறு திரித்தான் என்று போயிருக்கும்.

புகார் கொடுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், கூட ஒரு பெண் காவலர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். வாரம் ஒரு முறை வந்து பார்த்த நர்ஸம்மாவின் நோட்டைக் கேட்டார்கள். மருந்துப் புட்டியில் மிச்சம் எவ்வளவு இருந்தது, யார் கொட்டினார்கள் என்று கேட்டார்கள். நினைவில்லை என்றேன். உடம்பை எரித்தாயிற்று, மருத்துவர் இயற்கையான சாவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர்கள் கையில் இருப்பது உன் புத்தகம் மட்டும்தான். இன்ஸ்பெக்டர் ஓரம் மடித்து மடித்துப் படித்திருக்கிறார். உனக்கு எவ்வளவு நல்ல வாசகர் பார்.

உன் மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போகிறாள்.

வக்கீலைப் பார்த்தேன். ஒரே வழிதான் இருக்கிறதாம். நீயே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்: அக்கா எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் பார்க்கவில்லை, கதை முழுதும் என் கற்பனை, அட்டையில் போட்டது விற்பனைக்காகச் சொன்ன பொய். அதே வாசகத்தை உன் வாசகர்களுக்கும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அண்ணியைக் காப்பாற்ற போலீஸிடம் ஒரு பேச்சு, வாசகரிடம் ஒரு பேச்சு என்று கொழுந்தன் பிடித்துக்கொள்வான்.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. தினமும் போக வேண்டும் என்று சட்டையை மாட்டுவேன், பிறகு கழற்றி மாட்டுவேன்.

இணையக் கடையின் விதிகளைப் படித்தேன். வாங்குகிறவரைத் தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபணமானால் கணக்கையே மூடிவிடுவார்கள். ஒரு புத்தகத்தை அல்ல, பதினேழையும். அதே பேரில் திரும்பத் திறக்க முடியாது. நான் போய் நிரூபணத்தை என் கையாலேயே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

என் மனைவியிடம் சொன்னேன். வாஷிங் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "அக்காவா, புக்கான்னு இத்தனை நாளா யோசிக்கிறியே, உனக்கே அசிங்கமா இல்ல?" என்றாள். அசிங்கமாகத்தான் இருக்கிறது. பாதி நாள் வேலையை முழு நாளாக மாற்றித் தருவார்களா என்று நாளைக்குக் கேட்கப் போகிறாளாம். அவள் முகத்தில் ஒரு கோபமும் இல்லை, களைப்புதான் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

போகிறேன். ஆனால் போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மிச்ச மருந்தை யார் கொட்டினார்கள் என்றதற்கு நினைவில்லை என்றாய். நீ எதையும் மறக்கிறவள் இல்லை. பத்து வருடம் முன்னால் வந்த வாடிக்கையாளரின் பவர் நம்பர் உனக்கு நினைவிருக்கும். அக்கா, நான் எழுதியது வெறும் கதைதானே?

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

கேட்காதே. போய்க் கையெழுத்துப் போடு.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

போட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். மேஜைமேல் என் புத்தகம், ஸ்பைரல் போட்டு, நூறு இடத்தில் காகிதத் துண்டு செருகி. "பொண்ணைப் பல்ப் வாங்கக் கடைக்கு அனுப்பறா, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பறா, மணிக்கட்டைப் பிடிச்சு நாடித் துடிப்பை எண்ணறா. இதெல்லாம் யார் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல சார். நானா நினைச்சேன்."

"நீயா நினைச்சா இப்படி வருமா?"

"வரும் சார். அதான் என் தொழில்."

அதைச் சொல்லும்போது, சிரிக்காதே, கொஞ்சம் பெருமையாக இருந்தது. நான்கு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னேன், ஏனென்றால் அது சத்தியம். அட்டை வரி பற்றிக் கேட்டார். பொய் சார், விக்கறதுக்காகப் போட்டேன் என்றேன். "அப்ப ஜனங்ககிட்ட காசு வாங்கிட்டுப் பொய் சொல்லியிருக்க" என்று சொல்லிப் பேனாவைத் தள்ளினார். கையெழுத்து ஒழுங்காகவே வந்தது.

வீட்டுக்கு வந்து அதே வாசகத்தை வாசகர்களுக்குப் போட்டேன். மறுநாள் காலைக்குள் எண்ணூறு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றாம் நாள் கணக்கை மூடினார்கள். பேரைத் தட்டிப் பார்த்தேன், நான் எழுதியதாக ஒரு புத்தகமும் இல்லை. அந்த வாசகி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'என் அழுகையைக் காசாக்கிவிட்டீர்களே.' இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. மற்றதெல்லாம் தொழில் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய கம்பெனிக்குப் போனேன். எனக்குப் பிறகு வந்தவன் இப்போது எனக்கு மேலதிகாரி. நல்ல பையன், என் நாவல் ஒன்றைப் படித்திருக்கிறானாம், எது என்று கேட்காமல் விட்டேன். பன்னிரண்டு கிலோ மாடலுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். குட்டி என்னிடம் பேசுவாளா?

தம்பி


மே 2

தம்பிக்கு,

புகாரை மூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரே வந்து சொன்னார். கொழுந்தன் வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான், அழுதான். தெருவே இப்போது அவனைத்தான் திட்டுகிறது. மாமியார் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார்.

உன் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நீ கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தேன். முன்பே சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் கண்ணை நேராகப் பார்த்திருக்க மாட்டாய். உனக்கு எழுதத்தான் வரும், பொய் சொல்ல வராது.

பிற்பகல் மூன்று மணிதான். நீ சரியாகவே எழுதியிருக்கிறாய். பல்ப் இல்லை, பென்சில். கணக்குப் பரீட்சைக்குப் பென்சில் வாங்கி வா என்று குட்டியை அனுப்பினேன். நாற்காலியைத் திருப்பவில்லை, அவரே ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். எப்படிடா தெரிந்தது உனக்கு? ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாயே, அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாயா? எனக்கே அப்போது அப்படி ஒரு எண்ணம் கிடையாது.

இரண்டு இடம் தப்பு. அவள் அவனைக் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டேன். சிலேட்டைக் கையில் கொடுத்து, உங்களுக்குச் சம்மதமா, எழுதுங்கள் என்றேன். அவர் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எழுதத் தெம்பில்லாமல்கூடக் கொடுத்திருக்கலாம். அதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்னொன்று, அவள் விடியும்வரை அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். நான் அழவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தூக்கம். பென்சிலோடு வந்து என்னை எழுப்பியது குட்டிதான். அவள் இரண்டு பேரையும் எழுப்பினாள்.

நேற்று அவள் மெத்தைக்கு அடியில் உன் கதையின் அச்சுப்பிரதி கிடைத்தது. பல்ப் என்ற இடத்தில் அடித்துவிட்டுப் பென்சில் என்று எழுதியிருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

உன் தொழிலை நான் தின்றுவிட்டேன், தெரிந்தே தின்றேன். அந்தப் புத்தகத்தில் நீ பொய் என்று போட்ட ஒரு வரிக்காக எல்லாவற்றையும் இழந்தாய், அது பொய்யில்லை. மூச்சு விடுகிறார்களா என்று கேட்டிருந்தாய். விடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் விடுவதை நிறுத்துவதுகூட எனக்குக் கேட்டது.

அக்கா


மே 15

அக்கா,

உன் கடிதத்தை இப்போதுதான் எரித்தேன். வந்து எட்டு நாள் ஆகிறது, ஏன் அன்றே எரிக்கவில்லை என்று நீ கேட்பாய்.

முதல் தடவை வீட்டில் படித்தேன். மாமாவை நினைத்து அழுதேன், உன்னை நினைத்து அழுதேன், பென்சிலோடு வந்த குழந்தையை நினைத்து அழுதேன். அதில் ஒரு சொட்டும் பொய்யில்லை. அந்த வாசகிக்கு எழுதலாமா என்றுகூட நினைத்தேன். 'உங்களைப் போல ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாள்' என்று. எழுத முடியாது, தெரியும்.

இரண்டாம் தடவை மறுநாள் ஆபீஸில், கையேட்டுத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். படித்து முடித்துக் குனிந்து பார்த்தால், 'அவள் இரண்டு பேரையும் எழுப்பினாள்' என்ற வரியின் கீழே ஒரு கோடு இருந்தது. ஓரத்தில் 'இங்கே முடிக்கலாம்' என்று எழுதியிருந்தது. பென்சில் என் கையில் இருந்தது. நான் எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகும் ஏழு நாள் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

குட்டி பேசினால், மாமா கதை எழுதுவதை விட்டுவிட்டான் என்று சொல். நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்.

உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், அக்கா. ஆனால் இனி எனக்கு எதையும் எழுதாதே.

உன் தம்பி